மீன் தொட்டிக்கு வாங்கிய வெயில்

பெரியவளே, நேற்று மத்தியானம் நம் குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட படத்தை மூக்குக் கண்ணாடியோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தேன். காம்பாரில் நீ படிக்கப் போய்த் தங்கியிருக்கும் வாடகை அறை. மேசையில் புத்தகங்களை ஓரம் தள்ளி ஒரு சின்ன மீன் தொட்டி. உள்ளே நாலைந்து செடி. இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி நிறம் போய்த் தொங்குகிறது. கீழே, "அப்பா, செடி சாகுது. எந்த லைட் வாங்கணும்?" என்று கேட்டிருந்தாய். உன் தம்பி சும்மா இருப்பானா? "லைட் போட்டா மீனு எப்படிக்கா தூங்கும்? ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிவிடு லா" என்று எழுதி நாலு சிரிப்பு முகம் போட்டிருந்தான்.

"பிறகு சொல்றேன்" என்று மட்டும் பதில் போட்டேன். போனில் தட்டி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் இந்த நோட்டுப் புத்தகம். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள். தம்பியும் படிக்கட்டும்.

படத்தில் வாசம் வராதுதான். ஆனாலும் எனக்கு வந்துவிட்டது. செடி அழுகும் தண்ணீருக்கு ஒரு வாசம் உண்டு. மழை விட்ட மறுநாள் ரப்பர் காட்டு வடிகால் கானில் இலை ஊறிக் கிடக்குமே, அந்த வாசம். கல்யாணமான புதிதில் ஈப்போவில் நாங்கள் குடியிருந்த நாலாவது மாடி வீட்டுக்குள் அந்த வாசம் வந்த அன்று, உன் அம்மா படுத்தபடியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, பிள்ளைங்க பெரிசாயிருச்சுங்கதானே" என்றாள். பெரியவளே, உனக்கு முன்னால் ஒன்று வந்தது. மூன்றாம் மாதமே போய்விட்டது. அடுத்து நீ வந்தாய். இந்தத் தடவை டாக்டர் அம்மாவைப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லிவிட்டார். குளியலறைக்குப் போகலாம், வரலாம், அவ்வளவுதான். மாடிப்படி பக்கம் தலைகாட்டக் கூடாது.

லிஃப்ட் இல்லாத பிளாட். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுத்த புளோக்கின் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். நடுப்பகலிலும் விளக்கு வேண்டும். அம்மாவோ தாப்பா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள், பின்கதவைத் திறந்தால் ஆற்றங்கரை. அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், "பச்சையா எதையாச்சும் பாத்துக்கிட்டு இருந்தா நல்லா இருக்குங்க" என்றாள். பூச்சட்டி இரண்டு வாங்கி வைத்தேன். வெயில் இல்லாமல் அவை ஒரு மாதத்தில் கஞ்சித் தண்ணி நிறத்துக்கு வந்து சாய்ந்தன.

அப்போது எனக்கு டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த மணியத்துக்கு லோஹான் மீன் பைத்தியம். நெற்றி புடைத்த மீன் அது. ஈப்போவே அந்த மீன் பின்னால் அலைந்த காலம், அதன் உடம்புப் புள்ளியில் லாட்டரிக்கு நாலு நம்பர் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். மணியத்தின் மீன் ஒரு நம்பரும் காட்டாமலே செத்துப் போனது. தொட்டியையும் விளக்கையும் என் தலையில் கட்டினான். "எடுத்துக்கிட்டுப் போ மச்சான், என் பொண்டாட்டி இதுல ஊறுகா போடுறதுக்குள்ள."

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. மூடியிலேயே டியூப் லைட் இருக்கிறது. செடியைத் தண்ணீருக்குள் வைத்து விளக்கைப் போட்டால், வெயில் வராத அறைக்கு வெயிலோடு சேர்த்து ஒரு தோட்டம்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கனத்தை நாலு மாடி தூக்கியதில் இடுப்புப் பிடித்து, இரண்டு நாள் நானும் அம்மாவும் அடுத்தடுத்துப் படுத்துக் கிடந்தோம்.

செடி வாங்கியது பசாருக்குப் பின்தெருவில் ஒரு மீன் கடையில். கடைக்காரி ஆ யிங்குக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். அவள் அப்பா எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவாள். அம்மா சிவப்பாக ஒன்று கேட்டிருந்தாள். சிவப்பு இலைச் செடி ஒரு கட்டும் புல் மாதிரி ஒன்றும் வாங்கி வந்து நட்டேன்.

இங்கேதான் எஸ்டேட்டுக்காரன் புத்தி வேலை செய்தது. என் தாயார் நர்சரியில் வேலை பார்த்தவர். ரப்பர் கன்று வைத்தால் முதல் வேலை நிழல் கட்டுவது. செம்பனை மட்டையை மேலே பரப்பி, வேர் பிடிக்கும்வரை கன்றுக்கு வெயிலே காட்டமாட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். தொட்டியின் மூன்று பக்கமும் பழைய பத்திரிகை ஒட்டி, விளக்கைக் காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டேன். "புதுக் கன்னு, மெரண்டுடும்" என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு.

பத்து நாளில் சிவப்பு இலையும் புல்லும் கரைந்து தண்ணீரோடு போயின. அப்போதுதான் அந்த வாசம். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நம்ம வீட்ல ஒரு செடிகூட தங்க மாட்டேங்குது, பாத்தீங்களா." செடியைத்தான் சொன்னாள். கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை நான் வேடிக்கையாக நினைக்கவில்லை. ஒரு செடியாவது அதில் பிழைத்தாக வேண்டும். அழுகிய இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஆ யிங் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, செடி வளத்தியா, ரசம் வச்சியா?"

"வேரு பிடிக்கட்டும்னு நிழல் கட்டுனேன்."

"ஐயோ, தண்ணிக்குள்ள போனாலே அதுக்கு நிழல்தான் லா! மேல என்ன லைட்டு?"

ரோஸ் நிறம், மணியம் கொடுத்தது என்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது மீனுக்குப் பவுடர் போடுற லைட்டு. மீனு செவப்பா தெரியும், அவ்வளவுதான். அதுவும் பழசு. டியூப்பு எரியும், உள்ள சத்து செத்துப் போயிருக்கும்."

பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக எரிகிற டியூப் ஒன்று கொடுத்தாள். லம்பு கலிமந்தாங் என்று மலாயில் கேட்டு வாங்குவோமே, அதுதான். நான் ஒன்றோடு விட்டேனா? இரண்டாக மாட்டினேன். முன்பு பட்டினி போட்டதற்குப் பரிகாரமாக, காலை வேலைக்குப் போகும்போது போட்டு, படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். அவளிடமே வாங்கி வந்த புதுச் செடி நன்றாகத்தான் நின்றது. ஆனால் ஒரு வாரத்தில் கண்ணாடி, கல், இலை எல்லாவற்றிலும் பச்சை முடி மாதிரிப் பாசி. பார்க்க வந்த மணியம், "மச்சான், தொட்டிய பார்பர் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றான். பாசி மூடி அந்தச் செடியும் மூச்சுத் திணறிச் செத்தது. அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "ஏங்க, பெரிய மரக் காட்டுக்குள்ள எப்பங்க புல்லு மொளைக்கும்?" என்று கேட்டாள்.

"எல கொட்டுற மாசத்துல" என்றேன் யோசிக்காமல்.

நீங்கள் இருவரும் அதைப் பார்த்ததில்லை. முதிர்ந்த ரப்பர் காட்டுக்குள் நட்ட நடுப்பகலிலும் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். கொசுதான் வளரும். வருடத்தில் ஒரு தடவை மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அப்போது வானம் அப்படியே தரைக்கு இறங்கும். எங்கேதான் ஒளிந்திருந்ததோ, புல்லும் முள்ளும் குபுகுபுவென்று கிளம்பும். புது இலை விட்டு மேலே மூடியதும் மறுபடி எல்லாம் ஒடுங்கிவிடும். பால் வெட்டுகிறவர்களுக்குப் பால் குறைகிற மாதம் என்றுதான் அது ஞாபகம். வெளிச்சம் கூடுகிற மாதம் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஆத்தோரத்துல கல்லுல ஒட்டிக்கிட்டு ஒரு பெரணி இருக்குமே" என்றாள் அம்மா. "அது மட்டும் எந்த மாசமும் ஒரே மாதிரி பச்சையா இருக்கும்ல? அது இருட்டுலயே இருந்து பழகினது."

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். செடிக்கு ஏற்ற வெளிச்சத்தைத் தேடி இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். நம்மிடம் இருக்கிற வெளிச்சத்துக்கு எந்தச் செடி என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆ யிங்கிடம் போய்ச் சொன்னதும், "அண்ணிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு" என்று சொல்லி, அதே மாதிரிப் பெரணியைக் கல்லில் நூலால் கட்டிக் கொடுத்தாள். "மண்ணுல பொதைக்காத. ஒரு டியூப் போதும். எட்டு மணி நேரம் போதும் லா, எஸ்டேட்லகூட எட்டு மணி நேரந்தானே வேலை!"

ஆகவே என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். உன் செடி என்ன ரகம் என்று முதலில் கேட்டுக்கொள். சிவப்பு இலையும் தரையில் படர்கிற புல்லும் வெளிச்சத்துக்குப் பேராசை பிடித்தவை. பெரணியும் பாசிப் பந்தும் கொஞ்சத்தில் திருப்திப்படும். இப்போதெல்லாம் எல்இடிதான். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் பகல் வெள்ளை என்று அர்த்தம். விளக்கு தொட்டியின் நீளத்துக்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்துச் செடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. தொட்டி ஆழமென்றால் விளக்கும் வலுவாக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு டைமர் வை, பாசி பிடித்தால் ஒரு மணி நேரம் குறை. மூடிக் கண்ணாடியில் உப்புப் படியும், வாரம் ஒரு தடவை துடை. நேர் வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம்.

எங்களிடம் டைமர் இல்லை. நான் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் கயிறு இழுத்தால் எரிகிற சுவிட்ச் ஒன்றை மாட்டி, கயிற்றின் நுனியை அம்மாவின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தேன். காலை எட்டுக்கு ஒரு இழுப்பு, சாயந்திரம் நாலுக்கு ஒரு இழுப்பு. வேலை முடிந்து வந்தால், "இன்னைக்குச் சூரியன் லேட்டு, தூங்கிப் போச்சு" என்பாள். ஒரு நாள் செருப்பைக் கழற்றவிடவில்லை. பெரணி இலை நுனியில் நகம் அளவுக்குக் குட்டிச் செடிகள், வேரும் இலையுமாக, தாயின் இலையிலேயே ஒட்டிக்கொண்டு. "எண்ணிட்டேன், ஏழு!" என்றாள். அந்த அறையில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நீ நாள் நிறையும்வரை காத்திருக்கவில்லை. எட்டாம் மாதம் பிறந்ததுமே வந்துவிட்டாய். இரண்டு உள்ளங்கை நீளத்தில் ஒரு கோழிக்குஞ்சு. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள். உன்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணைத் துணியால் கட்டி, மேலே நீல டியூப்புகளை வரிசையாக எரியவிட்டார்கள். சோக் கம்மென்று இரைகிறது. வாயில் வந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள்தான். டியூப் புதுசா? எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? எத்தனை மணி நேரம்?

மலாய் நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அபாங், எலக்ட்ரிக் வேலை செய்றீங்களா?" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், மலாயில் கேட்டார்.

"இல்லை, மீன் தொட்டியில் செடி வளர்க்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். விளக்கு இந்த உயரந்தான், பால் கொடுக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, முதுகுப் பக்கமும் படுகிற மாதிரித் திருப்பிப் போட வேண்டும். சொல்லிக்கொண்டே உன்னை ரொட்டி சானாய் மாதிரி ஒரே திருப்பில் திருப்பினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்திருந்தாள். அங்கே இழுக்க ஒரு கயிறும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். அத்தனை நாளும் தொட்டி இருட்டில் கிடந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் நினைப்பு அங்கே போகவில்லை. பல நாள் கழித்துத்தான் பார்த்தேன், பெரணி பச்சையாகவே இருந்தது. உன் கண்வெள்ளையில் இன்னும் மஞ்சள் இருந்தது. காலை வெயிலில் காட்டுங்கள் என்று அப்போதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், இப்போது டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லையாம். எங்களுக்கோ வெயிலே இல்லை. மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் நோர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். இரண்டு புளோக்குக்கும் நடுவே புகுந்து வெயில் அரை மணி நேரம் அவர் வாசலில் விழுமாம். மறுநாள் காலை எங்கள் கிரில் கதவைத் தட்டினார். "மாத்தாஹாரி டா சம்பாய்!" வெயில் வந்தாச்சு! அவர் கணவர் செருப்பு அலமாரியைத் தள்ளி, பறவைக் கூண்டை வேறிடத்தில் மாட்டி இடம் பண்ணிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, அம்மா ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வெளியே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, உன்னைத் துணி விலக்கி மடியில் கிடத்தினாள். வெயில் பட்டதும் நீங்கள் இருவருமே ஒரே மாதிரிக் கண்ணைச் சுருக்கினீர்கள். தினமும் கதவு தட்டப்பட்டது. உன் கண் வெள்ளையான அன்று காக் நோர் வாசலிலேயே எல்லாருக்கும் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தார்.

போன மாதம் அந்த ஈப்போ பிளாட் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், மேலே ஏறிப் பார்த்தேன். டியூப் லைட்டும் சோக்கும் எங்குமே இல்லை, எல்லாம் எல்இடி. ஆ யிங் கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். காக் நோர் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு புளோக்குக்கும் அந்தப் பக்கம் உயரமாகக் கார் நிறுத்தும் கட்டடம் வந்துவிட்டது. எட்டு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் நின்றேன், வாசலில் வெயில் விழவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. என் மகளை முதன்முதலாக வெயில் தொட்ட இடம் இது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன், யாரும் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.