வவுணதீவுக்கு இரண்டு கிலோ கிரீஸோடு போய் வந்தது

நான் ஊர் சுற்றக் கிளம்பும் நாளை அரசாங்கம் விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. இன்னும் பதில் வரவில்லை. ஆகவே இந்தத் தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் மேளதாளம் எதுவும் இல்லாமலே திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். மனைவியிடம் மட்டும் அனுமதி பெற்றேன். அது இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது.

காரணம், என் தங்கை மகள் தர்ஷினி. வாவிக்கு மேற்கே வவுணதீவில் அவள் ஒரு மரக்காலை நடத்துகிறாள். அங்கே மரம் அரிந்து பலகையாக்குவார்கள். அரிந்த பலகைகளை வாளடியிலிருந்து அடுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக நாற்பதடி நீளமான ஒரு கொன்வேயர் உண்டு. அங்குள்ளவர்களுக்கு அது 'பெல்ட்'. மூன்று கிழமையாக அதன் கடைசி உருளையில் உள்ள பெயாரிங் கொதிக்கிறது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "உருளை முடிஞ்சுது, கழட்டி வித்துட்டு ஆள் வச்சித் தூக்குங்க" என்று தீர்ப்பெழுதிப் போய்விட்டார்.

வெறும் உருளை விவகாரம் என்றால் தொலைபேசியிலேயே ஆசி வழங்கி முடித்திருப்பேன். ஆனால் அந்த பெல்ட்டை ஓட்டுபவர் ஏறாவூர் பரீத் காக்கா. இருபது வருடம் அதே மரக்காலையில் தோளில் பலகை சுமந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் முதுகில் தட்டு விலகி, இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல்தான் தர்ஷினி இந்தப் பழைய பெல்ட்டைத் தேடிப் பிடித்து வாங்கிப் பூட்டினாள். சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதும், கோணலாக வரும் பலகையை நேராக்கி விடுவதும்தான் அவருக்கு வேலை. பெல்ட் போனால் அவரும் போக வேண்டியதுதான். மெக்கானிக் பேசியதைக் கேட்டு, "சனியோட நான் நிண்டுக்கிறன் புள்ள" என்று அவராகவே சொல்லிவிட்டாராம்.

"சனிக்கிழமைக்குள்ள வாங்க மாமா" என்றாள் தர்ஷினி. அதோடு போனை வைத்துவிட்டாள். பேசினால் நிறுத்தாத பிள்ளை அவள்.

துறைமுகப் பக்கத்து ஆலையொன்றில் முப்பத்தொரு வருடம் கொன்வேயர் பராமரித்து ஓய்வுபெற்றவன் நான். என் செருப்புச் சத்தம் கேட்டாலே உருளைகள் ஒழுங்காகச் சுற்றத் தொடங்கும். மற்ற மாமன்மார் மருமகளைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்குவார்கள். நான் 3,200 ரூபாய்க்கு இரண்டு கிலோ கிரீஸ் வாங்கினேன். முதல் தரம், சிவப்பு டின்.

காலை 5.45க்கு பஸ். தூரம் ஏறக்குறைய 135 கிலோமீற்றர், கட்டணம் 640 ரூபாய். இடப்பக்க ஜன்னலோரம் இருந்தால் கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும், வலப்பக்கம் இருந்தால் தூக்கம் கிடைக்கும். நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் இருந்தேன். மூதூர் தாண்டியதும் கொண்டக்டருக்குச் சந்தேகம் வந்தது.

"ஐயா, டின்னுக்குள்ள என்ன?"

"மருந்து."

"ஆருக்கு?"

"நாற்பதடி நீளமான ஒரு நோயாளிக்கு."

அதன் பிறகு அவர் என் பக்கம் வரவேயில்லை. மிச்சக் காசு அறுபது ரூபாயும் வரவில்லை.

வாகரையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பால் தேநீர் 100, தேங்காய் ரொட்டியும் சம்பலும் 120. அந்தச் சம்பலின் உறைப்பில் ஒரு சிறிய கப்பலை ஓட்டலாம். 9.50க்கு மட்டக்களப்பு. பஸ் நிலையத்திலிருந்து வவுணதீவுக்கு ஆட்டோ 800 ரூபாய். ஆயிரம் கேட்பார்கள், தயங்காமல் பேசுங்கள். வலையிறவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் வாவி பளபளவென்று கிடந்தது. பாலத்தைத் தாண்டினால் வட்டை வட்டையாக வயல், கதிர் பால் பிடிக்கும் பருவம். ஆட்டோக்காரத் தம்பிக்குக் கண் வீதியில், வாய் என்னிடம்.

"எந்த மரக்காலை ஐயா? அந்த பெல்ட் சுடுற காலையா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பக்கம் தெரியாத ஆள் இல்ல. பரீத் காக்கா இண்டையோட நிக்காராமே. மறுகா ஆரு ஐயா அத ஓட்டுற?"

மாவட்டமே என்னை நம்பி இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. நெஞ்சை நிமிர்த்தினேன். ஆட்டோவின் கூரை தலையில் இடித்தது.

10.25க்கு உள்ளே நுழைந்தபோது பரீத் காக்கா பெல்ட்டுக்குப் பக்கத்தில் தன் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போகிற நாளிலும் துடைக்கிறார். பச்சை நூல் கட்டிய சுவிட்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணன். இனி இது உங்கட பொறுப்பு."

"பின்னேரம் திருப்பித் தருகிறேன்" என்று ராஜகம்பீரமாகச் சொன்னேன். தர்ஷினி என் டின்னைப் பார்த்தாள். வாள் பிடிக்கும் யோகனும் பார்த்தார். பிறகு காக்காவும் சேர்ந்து மூவரும் மூன்று திசையில் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளில் பாதிக் கதை இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

முதலில் பியூஸைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டேன். எந்த இயந்திரத்திலும் கை வைக்க முன்னர் இதைச் செய்யுங்கள், விரல்கள் மறுபடி முளைப்பதில்லை. பிறகு வழக்கமான பராமரிப்பு. மாரி மழை ஈரத்தில் மரத்தூள் உருளைகளில் அப்பி, சீமெந்துபோல இறுகிக் கிடந்தது. சுரண்டினோம். பெல்ட் ஒரு பக்கமாக இழுபடுகிறதா, அதன் பொருத்து விட்டுப்போகிறதா, ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்றெல்லாம் பார்க்க ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் என் திருக்கரத்தால் டின்னைத் திறந்து, கிரீஸ் கன்னை நிரப்பி, அந்தச் சுடும் பெயாரிங்குக்குப் பன்னிரண்டு பம்பு கொடுத்தேன். கோயில் யானைக்குக் கூட யாரும் அவ்வளவு பக்தியோடு உணவு ஊட்டியிருக்க மாட்டார்கள்.

11.40க்கு ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில் பரீத் காக்கா குனிந்து, பெயாரிங்கின் கூட்டில் புறங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணன், குறை எண்ணாதீங்க. நீங்க பம்பினாப் பொறகு கூடச் சுடுது."

முப்பத்தொரு வருட அனுபவத்தின் மேல் ஒரு புறங்கை இப்படி ஏறி நின்றது. நிறுத்தச் சொன்னேன். அப்போதுதான், பஸ் ஏற முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இதுக்குக் கடைசியாக யார் கிரீஸ் போட்டது?"

"நான்தான்" என்றார் காக்கா. "சுடத் தொடங்கின நாளில இருந்து, வந்ததும் வராததுமா நாலு பம்பு. ஒரு நாளும் விட்டதில்ல."

தர்ஷினியின் முகம் ஒரு மாதிரிப் போனது. "நானும் போடுறன் மாமா. பின்னேரம், எல்லாரும் போனாப் பொறகு. ஆறு."

யோகன் வாளைப் பார்த்துச் சிரித்தார். வாள் திரும்பிச் சிரிக்கவில்லை. "மத்தியானம் நான். காக்கா தொழப் போற நேரம். அஞ்சு வரும்."

"சொல்லித் தொலைத்திருக்கலாமே!"

"சொன்னா இந்தப் புள்ள யோசிக்கும்" என்றார் காக்கா.

"சொன்னா, என்னில நம்பிக்கை இல்லையோ எண்டு காக்கா நினைப்பார்" என்றாள் தர்ஷினி.

"சொன்னா ரெண்டு பேரும் எனக்குத்தான் ஏசுவாங்க" என்றார் யோகன்.

விசயம் இதுதான். பெயாரிங்குக்குள் குண்டுகள் உருள இடம் வேண்டும். கிரீஸை அளவுக்கு மேல் அடைத்தால் அவை அந்தக் கூழைக் கடைந்து கடைந்தே சூடாகும். சுடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் சுடும். முதல் நாள் சூடு உருளையில் அப்பிய மரத்தூளால் வந்திருக்கும். இந்த மூவரும் பெல்ட்டைக் காப்பாற்ற வேண்டுமென்று ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறார்கள். நாலாவதாக, திருகோணமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, நான். வித்தை தெரிந்தவனே முதலில் கேட்கவில்லை என்றால் மற்றவர்களை எந்த வாயால் ஏசுவது?

மறுபடி பியூஸ் என் பையில். கூட்டைத் திறந்தோம். கறுப்பாக, கட்டியாக, மரத்தூள் கலந்து வெளியே பிதுங்கி வந்தது.

"எங்கட ஊர்த் தொதல்போல இரிக்கி" என்றார் காக்கா. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் கறுத்த இனிப்பு அது.

"ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்களன்" என்றார் யோகன்.

"முதல்ல நீ தின்னு. உனக்குத்தான் அஞ்சு பம்பு."

மூன்று கிழமைக்குப் பிறகு அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது என்று தர்ஷினி பின்னர் சொன்னாள். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் குண்டுகள் புது மணப்பெண்ணின் மூக்குத்திபோல மின்னின. ஒரு கீறல் இல்லை. தண்டும் நேராக இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிரீஸ் வைத்து மூடி, அரை மணித்தியாலம் வெறுமனே ஓட்டினோம். பிறகு பலகை ஏற்றினோம். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் போகவில்லை.

2.10க்குக் காக்கா குனிந்து புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சூடு இரிக்கி."

தர்ஷினி கண்ணை மூடிவிட்டாள்.

"கை வைக்க ஏலுமான சூடு" என்றார். கை அங்கேயே இருந்தது.

சாவியை அவரிடம் கொடுத்தேன். பச்சை நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "திங்கக்கிழமை ஏழரைக்கு, காக்கா" என்றாள் தர்ஷினி. "ஏழுக்கே வாறன்" என்றார். கிரீஸ் கன்னுக்கும் அங்கேயே சட்டம் போட்டோம். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டே பம்பு, காக்காவின் கை மட்டும். போட்ட திகதியைச் சுவரில் சோக்கால் எழுத வேண்டும்.

ஆறிய சோறும் வாவி இறால் குழம்பும் கட்டித் தயிரும். நான் சாப்பிட்ட அளவை இங்கே எழுதினால் வாவியில் இறால் தட்டுப்பாடு என்று செய்தி வரும்.

4.30 பஸ்ஸில் காக்காவும் கூட வந்தார், ஏறாவூர் வழியில்தானே இருக்கிறது. இறங்கி, எதிர்க்கடையில் தொதல் பார்சல் ஒன்று வாங்கி ஜன்னலால் நீட்டினார். பிறகு என் மடியிலிருந்த டின்னைப் பார்த்தார்.

"அத என்னட்டத் தந்துட்டுப் போங்களன் அண்ணன். வச்சிரிப்பன்."

கொடுக்கவில்லை. அவ்வளவு அன்பான கையில் அவ்வளவு கிரீஸை நம்பிக் கொடுக்க முடியுமா?

நீங்கள் வவுணதீவுப் பக்கம் போவதென்றால் காலையிலேயே போங்கள், பத்தரைக்குப் பிறகு வெயில் ஆளை உரித்து எடுக்கும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். கொண்டக்டரிடம் மிச்சக் காசை உடனே வாங்குங்கள். தயிர் வாங்கினால் அந்த மண் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாகரை வீதியில் பயணம் செய்யாதீர்கள். அங்கே யாருடைய இயந்திரமாவது சுடுகிறது என்றால், கடைசியாக யார் என்ன போட்டார்கள் என்று எல்லாரையும் ஒன்றாக நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டு டின்னைத் திறங்கள்.

ஒரு கிழமை கழித்துத் தர்ஷினிக்குப் போன் எடுத்தேன்.

"பெயாரிங் பச்சத்தண்ணி மாமா. காக்கா காலமை வந்ததும் ஒருக்காத் தொட்டுப் பாக்கிறார். அவ்வளவுதான்."

"நீ?"

குரலைத் தாழ்த்தினாள். "பின்னேரம் மட்டும்."

"யோகன்?"

"மத்தியானம்."

தொட்டுப் பார்த்ததால் எந்தப் பெயாரிங்கும் சுட்டதாக என் முப்பத்தொரு வருடத்தில் இல்லை. பெல்ட்டை நிறுத்திவிட்டுத் தொடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.