மறந்து தின்ற நோன்பு

வீட்டில் இருந்தது நான், என் கணவர், மகள், மருமகன். நாலு பேர். ஊர் கல்முனை. இரண்டு வருஷத்துக்கு முந்திய நோன்பு மாதம்.

கணவருக்குச் சீனி வருத்தம் வந்து அப்போது பதினேழு வருஷம். கிளினிக்கில் நோன்பு வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. கிளினிக்கில் தந்த காலைக் குளிசையை விடியற்காலைச் சஹர் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு நோன்பு பிடித்தார்.

மூன்றாம் நோன்பு அன்று பகலில் குசினிக்குள் அடுப்படியில் நின்று வாழைப்பழம் தின்றார். மகள் கண்டுவிட்டாள்.

"வாப்பா, நீங்க நோன்பு."

"அட, மறந்துட்டன் புள்ள."

மறந்து தின்றால் நோன்பு முறியாது. அது அல்லாஹ் ஊட்டியது என்பார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். வாயைக் கொப்பளித்துவிட்டு நோன்பைத் தொடர்ந்தார்.

அது அடுத்தடுத்து நடந்தது. ஒரு நாள் பிஸ்கட். ஒரு நாள் பழஞ்சோறு. மருமகன் பகிடிக்காரன்.

"மாமாக்கு மட்டும்தான் ஊட்டல். நம்மள ஒருத்தரும் கவனிக்கிறல்ல."

அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசி தாங்காமல் மறதி என்று சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நோன்பு அன்று பிள்ளைகளுக்கு முன்னால் ஏசிவிட்டேன்.

"ஏலாட்டி ஏலா எண்டு சொல்லுங்க. திண்டு போட்டு அல்லாஹ்க்கிட்டயும் பொய்யா?"

அவர் கையில் இருந்த ரொட்டித் துண்டை வைத்துவிட்டுப் போனார். பிறகு பகலில் குசினிப் பக்கம் வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருட வீட்டுப் புள்ள?"

முப்பத்தாறு வருஷத்தில் என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை.

மகள் சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். நோன்பு என்று வாயை மூடிக்கொண்டார். "நோன்பப் பொறகு புடிக்கலாம் மாமா, குடிங்க," என்றான் மருமகன். அன்றைக்கு அவன் பகிடி விடவில்லை. மெல்ல மெல்லக் குடித்தார். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் அம்மா குளிசை அட்டையை எண்ணிப் பார்த்தார். சஹருக்குப் போட்டதை மறந்து பகலில் இன்னும் இரண்டு தரம் போட்டிருக்கிறார்.

"மறதி எப்ப இருந்து?"

மகள்தான் சொன்னாள். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய் மண்வெட்டியை வரம்பில் விட்டு வந்தது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டது, எல்லாம். வயசு என்று விட்டிருந்தோம்.

சீனி கனகாலம் கட்டுப்படாமல் கிடந்தால் மூளையையும் தாக்கும், மறதி நோய் வர இடமுண்டு, எல்லாருக்கும் வராது என்றார் டாக்டர். இப்படிச் சீனி ஒரேயடியாக இறங்குவதும் மூளைக்குக் கூடாதாம். பிறகு சோதித்தார்கள். அவருக்கு வந்துதான் இருந்தது.

அப்படியென்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் மறந்துதான் தின்றிருக்கிறார்.

இப்போது குளிசை என் கையில். நோன்பு பிடிக்க விடுவதில்லை. பதிலுக்கு ஏழைகளுக்குச் சோறு கொடுக்கிறோம்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்று, ஏசினதுக்கு மாப்புக் கேட்டேன்.

"நீ எப்ப ஏசின?" என்றார்.

மாப்புத் தருகிறவருக்குப் பிழை நினைவிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வருஷத்தில் வருகிற இரண்டு பெருநாளுக்கும் கேட்டுப் பார்க்கிறேன். அன்றையதோடு சேர்த்து இதுவரை ஐந்து தரம்.