நீக்கப்பட்ட ஆசிரியை

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் அவர் தற்காலிக ஆசிரியை. ஒல்லியான உருவம், கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் வரும்போதே இணைய வகுப்புத் தளத்தில் பாடங்களை யூனிட் வாரியாக அடுக்கிவிடுவார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திய அன்று, துறைத்தலைவர் அவர் எதிரிலேயே கணினிப் பிரிவிலிருந்த என்னிடம் சொன்னார்: "பாடமெல்லாம் என் பேருக்கு மாத்திட்டு, இந்தம்மாவ தளத்துலேர்ந்து எடுத்துடுப்பா."

செய்தேன்.

அவர் தயங்கி என்னிடம் வந்தார். "தம்பி, மூணாவது யூனிட்ல ஒரு படம் தப்பா இருக்கு. இன்னிக்கி மாத்தலாம்னு இருந்தேன். பசங்க பரீட்சையில அப்படியே வரைஞ்சிடுவாங்க. நீங்களாவது மாத்திடுங்க."

"எனக்கு பர்மிஷன் இல்லீங்க மேடம்" என்றேன்.

தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அனுமதி இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.