வாயை மூடிக்கொண்ட தேசிமரம்

தேசிக்கன்று விற்கிறவளுக்கு ஆட்களோடு பேரம் கொஞ்சம், வெயிலோடு பேரம் அதிகம். வாசலில் ஒரு கன்றை நட்டுவிட்டு, காலையில் முகம் கழுவ முதல் அதன் இலையைப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

வட்டக்கச்சியில் காணி கிடைத்து வந்த புதிதில் நட்ட தேசிமரம் ஒன்று எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசி என்போம். தேங்காய்ப்பால் சொதிக்குப் பிழியவும் ஊறுகாய் போடவும் அந்த ஒரு மரம் போதும். அதன் விதைகளைப் பால்மா வந்த தகர ரின்களில் முளைக்கவைத்து, முழங்கால் உயரம் வந்ததும் கன்றாக விற்பேன். மழை பொய்த்த ஒரு வருடம் வாய்க்காலைப் பூட்டிவிட்டார்கள். கிணற்றில் வாளி சேற்றைத் தொட்டது. இருக்கிற தண்ணீரைக் கன்றுகளுக்கு ஊற்றினால் மரத்துக்கு இல்லை. மரம் பட்டுப்போனால் விதை இல்லை. என் தொழிலும் இல்லை.

பட்டினிக் கன்று

விற்பதற்கு முன் கன்றுக்குக் கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைப்பது எங்கள் வழக்கம். ஈரம் தேடி வேர் ரின்னின் அடிவரை இறங்கும். போகிற இடத்து வெயிலையும் தாங்கும். வாங்க வருகிறவர்களுக்கு இது எங்கே தெரிகிறது? அவர்களுக்கு வாடின இலைதான் தெரியும்.

முல்லைத்தீவிலிருந்து யோசேப்பு அண்ணை கருவாடு நிறைத்த பனையோலைக் கடகத்தோடு பஸ்ஸில் வருவார். கருவாட்டுக்குப் பதிலாகக் கன்று எடுப்பதாகப் பேச்சு. தலை குனிந்து நின்ற கன்றுகளைப் பார்த்ததும் கடகத்தை மூடப் போனார். நான் வேரின் கதை முழுவதையும் சொன்னேன். அந்த வருடம் தண்ணீரை வேண்டுமென்று குறைத்தேனா, இல்லாமல் குறைத்தேனா என்று எனக்கே குழப்பம். குரலில் அது தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் பாவம் பார்த்து ஒன்றைத் தூக்கினார்.

"சாப்பாடு குடுக்காமல் வளத்த பொம்பிளையை எந்த மாப்பிளை கட்டுவான், தங்கச்சி? நானெண்டபடியால் கொண்டுபோறன்."

என்ன சாறு?

மரத்தின் இலைகள் மத்தியானத்தில் தோணிபோல மடியத் தொடங்கின. நான் ஓயாமல் கரைச்சல் கொடுத்ததில் என் வீட்டுக்காரர் இவர் போய் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்தார். அவர் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். மண் காய்வதை முதலில் அறிவது வேராம். அறிந்ததும் அது ஏதோ ஒரு சாற்றை மேலே அனுப்புமாம். இலைகளில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டாம். சாறு போய்ச் சேர்ந்ததும் அவை மூடிக்கொள்ள, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாதாம். கிடைக்கிற தண்ணீரை மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமாக ஊற்றச் சொன்னார். ஈரமான பக்கம் உயிரைப் பிடிக்கும், காய்ந்த பக்கம் இலையை மூடிவைக்கும் என்றார்.

என்ன சாறு என்று கேட்டேன். அதைத்தான் வெளிநாட்டில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். அந்தச் சாறு முடிந்துபோனால்? மூடின வாய் பிறகு திறக்காவிட்டால்? ஊற்றாத பக்கத்து வேர் செத்துப்போனால்? அவர் சைக்கிளில் ஏறும்வரை கேட்டேன். பக்கத்தில் நின்ற இவர்தான் அப்போது வாய் திறந்தார்.

"வேரிலை ஊறுற அந்தச் சாறு மனிசருக்கும் குடுக்கலாமெண்டால் சொல்லுங்கோ ஐயா. இவளுக்கு ஒரு கரண்டி காணும்."

மேற்குப் பக்கத்து வேர்

அரிசி கழுவின தண்ணீர், முகம் கழுவின தண்ணீர், எல்லாம் கிழக்குப் பக்கத்துக்கே போயின. யாழ்ப்பாணத்தில் துலாக் கிணற்றில் இறைத்துப் பாத்தி நிரம்பத் தண்ணீர் விட்டுப் பழகினவள் நான். ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் வெடித்துக் கிடக்கிற மண்ணைப் பார்க்க, ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு மற்றதைப் பார்க்கவைத்த மாதிரி இருந்தது.

பக்கத்துக் காணி அன்னலட்சுமி அக்காவும் தன் வீட்டு அரிசி கழுவின தண்ணீரைச் சட்டியில் கொண்டுவந்து தந்தா. நான் அதையும் கிழக்கிலேயே ஊற்றினேன். அவா மரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"ஏன் பிள்ளை, மேற்குப் பக்கத்து வேரோடை ஏதும் கோவமோ?"

மழைக்குப் பிறகு

ஐப்பசியில் மழை வந்தது. வந்ததும் மரம் பாதி இலையைக் கொட்டியது. நான் அழுதுகொண்டே ஒரு கிளையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. கொஞ்ச நாளில் துளிரோடு பூவும் வந்தது. இலையைவிடப் பூ அதிகம். மேற்குப் பக்கமும் குறை வைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த மரம் ஈரம் கண்டால் அப்படித்தான் பூக்கும் என்று போதனாசிரியர் பிறகு சொன்னார். முதலே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நித்திரை மிஞ்சியிருக்கும்.

பூவெல்லாம் பிஞ்சாகிய நேரம் யோசேப்பு அண்ணை வந்தார். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தார். கடல் கதைத்தார், களப்பு கதைத்தார். கன்றைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"உப்புக் காத்துக்கும் அசையாமல் நிக்கிறாள். அந்தப் பட்டினிக்காரியின்ரை தங்கச்சிமார் ரெண்டு பேர் இருந்தால் தாங்கோ, கொழுத்ததுகள் வேண்டாம்."

மரத்துக்கு ஊறின சாறு எனக்கு மட்டும் இன்னும் ஊறவில்லை என்று இவர் இப்போதும் சொல்கிறார். ஆனால் எந்த இலை எப்போது மடியுமோ என்று பார்த்துக்கொண்டிருக்க வீட்டுக்கு ஒருத்தி வேண்டாமா?