திருடர்களாக்கப்பட்ட கூத்துக்காரர்கள்

இல்லாத ஒரு நாட்டைக் கதையாக எழுதிக்கொண்டிருந்தேன். அதில் உப்பும் பாசிமணியும் விற்றபடி ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டம். எங்கே போனாலும் ஆடிப் பாடிவிட்டுத்தான் கடை விரிப்பார்கள். ஆட்டம் பார்த்துச் சிரிக்காதவருக்கு எதையும் விற்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பெரம்பலூரில் என் தையல் கடைக்கு ஆள் வராத மதியங்களில் செல்போனிலேயே தட்டித் தட்டி எழுதியது. ஒரு கதைச் செயலி அதை வாங்கி ஒலிக்கதையாகப் போட்டது.

சில பகுதிகள் வெளியானதும் அந்தச் செயலியின் பதிப்பாசிரியர் அழைத்தார்.

"மேடம், உங்க ஆளுங்க ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. ஆடுறப்பவே கூட்டத்துல பாக்கெட் அடிக்கிற மாதிரி வைங்க. கேக்குறவங்களுக்கு த்ரில் வேணும்ல?"

முடியாது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அப்புறம் ஒருநாள், துணி எடுக்க அரியலூருக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் செல்போனைச் சத்தமாக வைத்திருந்தார். என் கதை! பூரித்துப் போனேன். அடுத்த நிமிடமே, என் கூட்டத்து நாட்டியக்காரி ஆடிக்கொண்டே ஒரு குழந்தையின் கொலுசை உருவினாள். நான் எழுதாத வரி.

வழியில் கழைக்கூத்துக் கயிறும் மேளமும் பாசிமணி மூட்டையுமாக ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பையப் பாத்துக்கங்கம்மா. கதையில சரியாத்தான் சொல்றான்" என்றார் என்னிடம்.

அவள் முகம் மாறவே இல்லை.

"அண்ணே, அந்தக் கதைய எழுதுனது நான். திருட்டு நான் எழுதலங்க."

"அப்படியா? நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீ எழுதுனதுல அவங்க என்னக்கா பண்ணாங்க?"

வழக்கத்தைச் சொன்னேன்.

"சிரிக்காதவங்களுக்கு விக்கலன்னா நாங்க பட்டினிதான் கெடக்கணும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பதிப்பாசிரியரை அழைத்துக் கத்தினேன். "கேக்குறவங்க கூடிட்டாங்க மேடம்" என்றார் குழைந்து. அந்தக் குழைவு காதில் எச்சிலாக ஒட்டியது. எழுதிக் கொடுத்தபின் கதை அவர்களுடையதாம். இனி ஒரு வரியும் தரமாட்டேன் என்று வைத்தேன். வேறு யாரோ எழுதுகிறார்கள். பெயர் மட்டும் என்னுடையது.

நேற்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள், "உங்க கதைல அந்தத் திருட்டுக் கும்பல் சூப்பர்க்கா" என்றாள். கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன்.