அகழிக்கரையில் கேட்ட பெயர்

எங்கள் தெரு கமருன்னிஸா கஜா புயலில் வீட்டு ஓடு பறந்தபோதுகூட அசராதவள். இப்போது அவளைப் படுத்தும் பயம் ஒன்றே ஒன்றுதான்: கணவரின் இதயம். ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "நடக்கலாம். ஓடக் கூடாது. அதிர்ச்சி ஆகவே ஆகாது."

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவர்கள் இருவரும் நானுமாக தஞ்சாவூர்க் கோட்டை அகழியை ஒட்டிய நடைபாதைக்கு வந்துவிடுவோம். தூங்குமூஞ்சி மர நிழலிலேயே அவர் பழைய பீரங்கி வரை போய்த் திரும்புவார். மூட்டுவலிக்காரி இவள், ராஜா சிலைக்கடியில் என்னோடு உட்கார்ந்து அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பேசுவது எதுவும் காதில் ஏறாது.

அன்று போனவர் திரும்பவில்லை. போன் போட்டாள். அவர் போன் அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது. பீரங்கி வரை போய்ப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

பக்கத்துப் பொருட்காட்சியில் மைக் வைத்திருந்தார்கள். அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரைக் காணோம்மா?"

"ஆஸிம் அத்தாவ. முத்துப்பேட்டக்காரவங்க."

ஆஸிம் அவள் மகன். சார்ஜாவிலிருந்து லீவில் வந்து வீட்டில் இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் வாய் சொன்னதே இல்லை, மகன் பெயரோடு அத்தா சேர்த்துத்தான் சொல்வாள். அத்தா என்றால் அப்பா என்பது மைக் பிடித்தவருக்கு எங்கே தெரியும்? மகனைச் செல்லமாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"முத்துப்பேட்டை ஆஸிமைக் காணவில்லை. அவர் அம்மா இங்கே அழுதுகொண்டு நிற்கிறார்."

மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஒலிபெருக்கியெல்லாம் அதையே சொன்னது. கமருன்னிஸா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதக் கேட்டா அவங்க ஓடி வருவாங்களே, ஷோபனா."

வரத்தான் செய்தார். டீக்கடைப் பக்கமிருந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தார். இங்கிருந்து கத்தினால் கேட்காத தூரம். அவள் மைக்கைப் பிடுங்கினாள். சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"மூஸா… மூஸா, நில்லுங்க. ஆஸிம் வீட்லதான் இருக்கான். ஓடாதீங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து மரத்தில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். கடைசியில் ஒரு அடி எடுத்து வைத்தார், இன்னொன்று வைத்தார்.

அவர் பக்கத்தில் வந்து சேரும் வரை அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

"மெதுவா, மூஸா. மெதுவா வாங்க."