கௌதமி மறுத்த கையெழுத்து

கௌதமி இறந்த செய்தி கம்பெனி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் வழியில் மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. எங்கள் ஆய்வகத் தலைவர் கூப்பிய கைகளின் படம் போட்டு, 'எந்த வேலைக்கும் மறுப்புச் சொல்லாதவர்' என்று எழுதியிருந்தார். அது பொய். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் அது பொய் என்று தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வகம் வலி, வீக்கம் இரண்டுக்குமான புதிய மருந்துகளை எலிகள் மீது சோதிக்கிறது. கூண்டுகளின் பொறுப்பு கௌதமியுடையது. அறிக்கை எழுதுவது நான். ஒரு மருந்து கொடுத்த எலிகளைச் சூடான தட்டில் விட்டபோது அவை வெகுநேரம் காலைத் தூக்கவில்லை. வலி குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கௌதமி ஓர் எலியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வலி இல்லன்னு எழுதாதீங்க சார். இதுக்குக் காலைத் தூக்கவே தெம்பில்ல."

பிறகு அறுத்துப் பார்த்ததில் நான்கு எலிகளின் இரைப்பையில் ரத்தக்கசிவு இருந்தது.

தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அறிக்கையிலருந்து அந்த நாலையும் விட்டுடுங்க. தீனி கெட்டுப் போயிருக்கும்."

"தீனி போட்டது நான்தான் சார். மருந்து குடுக்காத கூண்டுக்கும் அதே தீனிதான். அதுங்க நல்லாத்தான் இருக்கு."

"உன் வேலை கூண்டைப் பாக்கிறது."

"பாத்துட்டுத்தான் சார் சொல்றேன். நாளைக்கு இது மனுசங்க வயித்துக்குள்ள போகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்." தலைவருக்கு இன்னும் தெளிவாகப் புரியட்டும் என்று கன்னடத்திலும் ஒருமுறை சொன்னார்: "சைன் மாடல்லா சார்."

குரல் உயரவேயில்லை. தலைவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து கௌதமிக்குப் பாட்டில் கழுவும் அறை. பதினாறு வருடம் பிராணிகளைப் பார்த்த கை அது. அந்த அறைக்கு யார் போனீர்கள்? கேன்டீனில்கூட அவர் உட்கார்ந்த மேஜையில் இடம் காலியாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் வேறொரு ஆய்வகம் அதே மருந்தைச் சோதித்து, அதே ரத்தக்கசிவைக் கண்டது. மருந்து கைவிடப்பட்டது. தலைவர் தலைவராகவே இருந்தார். கௌதமியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மருந்து கைவிடப்பட்ட செய்தி வந்த அன்றைக்குத்தான் கேன்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு," என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். அது பொறுமை அல்ல. பொறுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் நாம் அவரை வைத்தோம், அவ்வளவுதான். நீங்களும் நானும் சேர்ந்துதான் வைத்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. கூண்டைத் திறந்து, பிராணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இப்போது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. போன வாரம் ஓர் அறிக்கையைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"இத்தனை வருசமா ஒழுங்காத்தானே இருந்தீங்க. திடீர்னு என்ன ஆச்சு?"

"கௌதமி செத்துட்டாங்க சார்," என்றேன்.